வென்டிலேட்டரை விலக்குவது பற்றி மருத்துவமனையில் எப்படிப் பேசுவது?

மூத்த மகள்:
78 வயதான என் தந்தை, மூளையில் ஏற்பட்ட பெரும் இரத்தக்கசிவுக்குப் பிறகு நினைவு திரும்பாமல், ஒரு தனியார் மருத்துவமனையின் தீவிர சிகிச்சைப் பிரிவில் வென்டிலேட்டரில் இருக்கிறார். இனி மீளமாட்டார் என்று சொல்லும் மருத்துவர், தொடர்வதா வேண்டாமா என்பதை நீங்களே முடிவு செய்யுங்கள் என்று வராந்தாவில் நின்றபடியே சொல்லிவிட்டுப் போகிறார். வெளிநாட்டில் இருக்கும் தம்பியோ எதையும் நிறுத்தக் கூடாது என்கிறான். சொந்தப் பொறுப்பில் வீட்டுக்கு அழைத்துச் செல்வதாகக் கையெழுத்திடுவதுதான் ஒரே வழியா?

ஓய்வுபெற்ற செவிலியர்:
அந்தக் கையெழுத்தை அவசரப்பட்டுப் போடாதீர்கள், சகோதரி. அப்படி அழைத்துச் செல்லும்போது ஆம்புலன்ஸிலேயே மூச்சுத் திணறல் தொடங்கிவிடலாம்; அதைத் தணிக்கும் மருந்தோ, தெரிந்த ஆளோ பெரும்பாலும் உடன் இருப்பதில்லை. முதலில், உட்கார்ந்து பேச நேரம் ஒதுக்கித் தருமாறு கேளுங்கள். தம்பியும் வீடியோ அழைப்பில் இருக்கட்டும். பிழைப்பாரா என்று மட்டும் கேட்காமல், பிழைத்தால் எந்த நிலையில் இருப்பார், உங்களை அடையாளம் காண்பாரா என்றும் கேளுங்கள். தம்பி அப்போதும் இணங்காவிட்டால், இன்னும் சில நாள் பார்த்துவிட்டு, இன்ன முன்னேற்றம் தெரியாவிட்டால் மறுபடி கூடுவோம் என்று கெடு வைத்துக்கொள்ளலாம். கருவியை விலக்கினாலும் கவனிப்பு நிற்காது. திணறலைத் தணிக்க மார்பின் (morphine) என்ற மருந்து தருவார்கள், வாயை ஈரமாக வைத்திருப்பார்கள், நீங்களும் அருகில் இருக்கலாம்.

வழக்கறிஞர்:
சட்டத்தில் இதற்கு இடமுண்டு. உச்ச நீதிமன்றம் 2018 மார்ச் 9 அன்று இதை அனுமதித்து, நடைமுறையை 2023 ஜனவரியில் எளிதாக்கியது. உங்கள் தந்தை முன்கூட்டியே எதுவும் எழுதிவைக்காவிட்டாலும், சிகிச்சையளிக்கும் மருத்துவரும் குறைந்தது ஐந்தாண்டு அனுபவமுள்ள இரண்டு வல்லுநர்களும் அடங்கிய குழு பரிந்துரைத்து, குடும்பத்தார் சம்மதித்து, மாவட்டத் தலைமை மருத்துவ அதிகாரி நியமிக்கும் மருத்துவர் இடம்பெறும் இரண்டாம் குழுவும் ஒப்புக்கொண்டால் விலக்கலாம். விலக்குவதற்கு முன் மருத்துவமனை நீதித்துறை நடுவருக்குத் தகவல் தெரிவிக்க வேண்டும். அவரது அனுமதிக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. மருத்துவமனைகள் இதைத் தாமாகச் சொல்லத் தயங்குவதற்கு வழக்கு வந்துவிடுமோ என்ற அச்சமே காரணம் என்று நினைக்கிறேன், நீங்களே கேளுங்கள்.

மூத்த மகள்:
நன்றி. நாளை காலை நேரம் தந்திருக்கிறார்கள். அம்மாவுக்கு முழு நிலைமை இன்னும் தெரியாது. சொல்ல வேண்டாம் என்று உறவினர்கள் தடுக்கிறார்கள்.

ஓய்வுபெற்ற செவிலியர்:
அவரை விலக்கிவைத்துப் பேசாதீர்கள். உங்கள் தந்தை எதைப் பொறுத்துக்கொள்வார், எதை வேண்டாம் என்பார் என்பது உங்கள் எல்லாரையும்விட அவருக்குத்தான் தெரியும். ஆனால் நாளை மருத்துவர் வாயிலிருந்து அவர் இதை முதன்முதலாகக் கேட்கும்படி ஆகக் கூடாது. இன்றிரவே வீட்டில் வைத்து நீங்களே சொல்லிவிடுங்கள்.