பயத்தங்கொடி எலை ஓரமா கருகுது, கடல் பக்கம் சுவர் எடுக்கலாமா?

சைக்கமி வீடு:
எல்லாருக்கும் வணக்கம். எங்க வீடு பர்மாவுல மோன் மாநிலத்து சைக்கமி பக்கம், கடல் கூப்பிடு தூரம்தான். மழை விட்டு தீபாவளி முடிஞ்சதும் கத்திரி, தக்காளி, பயத்தங்கொடி, புளிச்சக்கீரை எல்லாம் போட்டோம், மார்கழி வரைக்கும் அவ்ளோ செழிப்பா வந்துச்சு, காய் பறிச்சு அக்கம்பக்கத்து மோன்காரங்க வீட்டுக்கெல்லாம் குடுத்தோம். மாசி பொறந்ததுலேர்ந்து பயத்தங்கொடி எலை ஓரம் பழுப்பா கருகி சுருண்டு போவுது, பிஞ்சு நிக்க மாட்டேங்குது. கீரை பரவால்ல, தென்னைக்கு ஒன்னும் ஆவல. கடல் காத்து உப்புதான் காரணம், மேக்கால செங்கல் சுவர் எடுத்துருங்கன்னு ஊர்ல சொல்றாங்க. செலவு பெருசு, ஆனா அம்மாவுக்கு இந்தத் தோட்டம்னா உசிரு, பொழுது சாஞ்சா அங்கதான் இருப்பாங்க, அதனால செய்யவும் தயார். தண்ணி கெணத்துலேர்ந்து மோட்டார் வெச்சு எறைக்கிறோம். தெரிஞ்சவங்க சொல்லுங்க.

முடோன் அக்கா:
தம்பி, செங்கல் வாங்கிராதீங்க, மொதல்ல கொடிகிட்ட போயி எந்தப் பக்கம் கருகியிருக்குன்னு பாருங்க. காத்து கொண்டாந்த உப்புன்னா கடலைப் பாத்த பக்கம்தான் அடி வாங்கியிருக்கும், மறுபக்கம் பச்சையா நிக்கும். ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி, அதுவும் அடியில இருக்குற பழைய எலையில ஓரமா ஆரம்பிச்சு உள்ள ஏறுதுன்னா அது வேர் வழியா ஏறுற உப்பு. நம்ம பக்கம் கார்த்திகைலேர்ந்து மாசி வரைக்கும் காத்து பெரும்பாலும் வடகெழக்கு, தரைப்பக்கத்துலேர்ந்து வருது, கடல்லேர்ந்து பலமா அடிக்கிறது மழைக்காலத்துலதான். அதனால எனக்கு உங்க கெணத்து மேலதான் சந்தேகம். காலைல மோட்டார் போடுறதுக்கு முன்னாடி ஒரு வாய், சாயங்காலம் எறைச்சு முடிச்சதும் ஒரு வாய் வெச்சுப் பாருங்க.

சைக்கமி வீடு:
அக்கா, பாத்தேன். ரெண்டு பக்கமும் கருகியிருக்கு, அடி எலைதான் மோசம். தண்ணி காலைல பரவால்ல, சாயங்காலம் கரிக்குது! பாத்தி மண்ணு மேல வெள்ளையா பூத்த மாதிரியும் இருக்கு, நான் எரு போட்டதுன்னு நெனச்சுட்டு இருந்தேன்.

முடோன் அக்கா:
அந்த வெள்ளை உப்புதான் தம்பி. கடலோரத்துல மழைத்தண்ணி மண்ணுக்குள்ள எறங்கி உப்புத்தண்ணி மேல மெதக்குது, நல்ல தண்ணி லேசு இல்லையா. மோட்டார் போட்டு ஒரேயடியா இழுத்தா மேல இருக்குற நல்லது தீந்து கீழ இருக்குற உப்பு ஏறி வரும், மாசி பங்குனில கேக்கவே வேணாம். காலைல கொஞ்சம் கொஞ்சமா எறைச்சு தொட்டில ரொப்பி வெச்சுக்கங்க, சாயங்காலம் அதையே ஊத்துங்க. வெயில் காஞ்சா மண்ணு அடியில இருக்குற உப்பையும் மேல இழுத்துக்கும், அதனால பாத்திய தரிசா விடவே கூடாது, வைக்கோலோ சருகோ கனமா பரப்புங்க. தென்னமட்டை போடுறதா இருந்தா கழிமுகத்துல ஊறின மட்டை வேணாம், அதுலயே உப்பு இருக்கும். அடுப்புச் சாம்பலும் இப்ப வேணாம்.

பியாப்பொன் அண்ணன்:
அக்கா சொல்றது சரி. நாங்க ஐராவதி டெல்டா ஆளுங்க, 2008 மே 2ல நர்கீஸ் புயல் அடிச்சப்ப வயல், குளம் எல்லாத்துலயும் கடல் பூந்துருச்சு. குளத்துத் தண்ணிய எறைச்சுக் கொட்டிட்டு மழைக்குத் தொறந்து விட்டோம், வயல் உப்பையும் மழைதான் கழுவுச்சு. உங்களுக்கு மோல்மேன் பக்கம் வருஷத்துக்கு 4,500 மில்லிமீட்டருக்கு மேல கொட்டுது தம்பி, அத விட பெரிய மருந்து கெடையாது. ஆனா கழுவின தண்ணி வெளிய போவ வழி வேணும், அதனால சித்திரைல வர்ற திஞ்சான் தண்ணித் திருவிழா முடிஞ்ச கையோட பாத்திய ஒயர்த்தி சுத்தி வாய்க்கா வெட்டிருங்க. சுவரு வேணாம், சுவத்துல மோதுன காத்து ஏறிக் குதிச்சு அந்தாண்ட சுழட்டி அடிக்கும். மேக்கால தனியோலைல, அதான் நிப்பா பனை ஓலைல, சந்து விட்டு தட்டி கட்டுங்க, காத்து பாதி பூந்து வந்தாதான் வேகம் அடங்கும். ஆடி மாசத்துல அது ஒதவும்.

சைக்கமி வீடு:
ரொம்ப நன்றிண்ணே, அக்கா. சுவரு வேணாம்னதும் அம்மாவுக்குத்தான் ரொம்ப சந்தோஷம். அப்ப அடுத்த வருஷம் பயத்தங்கா போடலாமா, விட்டுறவா? அம்மா அதத்தான் கேக்குறாங்க.

முடோன் அக்கா:
ஏன் விடணும்? பயறு வகை உப்பு தாங்காது, அவ்ளோதான். அத மழை முடியுற சமயத்துல, அக்டோபர் வாக்குல வர்ற தடின்ஜூட் பௌர்ணமிய ஒட்டி மேட்டுப்பாத்தில மொதல்ல போட்டுருங்க, தை வர்றதுக்குள்ள காய் முடிஞ்சுரும். கெணறு கரிக்குற மாசத்துக்கு பீட்ரூட், பசலை மாதிரி தாங்குறதா வெச்சுக்கங்க. மரம் வெக்கிறதா இருந்தா எங்க ஊர் பம்ப்ளிமாஸ் ஆசைய விட்டுட்டு சப்போட்டா வைங்க, அது உப்புக்கு அசராது. இப்ப இருக்குற கொடிக்கு காலைத்தண்ணி மட்டும் குடுங்க, கருகின எலை திரும்பாது, புதுத்துளிர் சுத்தமா வருதான்னு பாத்து சொல்லுங்க.