நாற்பது பக்கப் பின்னணிக் கதையும் பணம் வாங்காத படகுக்காரனும்

உப்பளம்:

வணக்கம். இரண்டு ஆண்டுகளாக ஒரு சாகசப் பலகை விளையாட்டை உருவாக்கி வருகிறேன். அட்டை வெட்டுவது, ஒட்டுவது எல்லாம் வீட்டுக் கூடத்தில்தான். அதன் உலகத்துக்கு நாற்பது பக்கம் பின்னணி எழுதியிருக்கிறேன்: பாதி வற்றிய கடல், அதன் கரையில் ஏழு தலைமுறை அரசர்கள், உப்பையே பணமாகப் புழங்கும் வணிகர்கள், மூன்று போர்கள். எழுதும்போது கிடைத்த சுகத்தை மறைக்க மாட்டேன்.

போன ஞாயிற்றுக்கிழமை முதல்முறையாக நான்கு பேரை உட்காரவைத்து ஆடச் சொன்னேன். தொடங்கும் முன் நான்கு பக்கம் வாசித்துக் காட்டுவதாக ஏற்பாடு. இரண்டாம் பக்கத்தில் தம்பி சிப்ஸ் பொட்டலத்தைப் பிரித்தான். மூன்றாம் பக்கத்தில் அக்கா மகள் பகடையை உள்ளங்கையில் உருட்டிக்கொண்டே, "மாமா, நான் எந்தக் கட்டத்தில் நிற்க வேண்டும்?" என்று கேட்டாள். நான்காம் பக்கத்தை மடித்து வைத்துவிட்டேன். மூன்று மணி நேர ஆட்டத்தில் ஓர் அரசன் பெயரைக்கூட யாரும் உச்சரிக்கவில்லை. தலைநகரம் கடைசிவரை "அந்தப் பச்சைக் கட்டம்"தான்.

ஆனால் படகுக்காரன் என்று ஓர் அட்டை உண்டு. "அக்கரை போக வேண்டுமானால் உன் பையிலிருந்து ஒரு பொருளைக் கொடு. பணம் வாங்க மாட்டான்." ஆட்டக்காரர்களின் பையில் பொருள்கள் மிதமிஞ்சிச் சேர்ந்ததால், அவற்றைக் குறைப்பதற்காக நான் அவசரத்தில் போட்ட விதி அது. அவன் ஏன் பணம் வாங்க மாட்டான் என்று நால்வரும் அரைமணி நேரம் வாதாடினார்கள்! என் நாற்பது பக்கத்தில் அவனைப் பற்றி ஒரு வரி கிடையாது.

இவ்வகை ஆட்டங்களுக்குப் பின்னணிக் கதையே வேண்டாமா? அல்லது நான் அதை வைத்த இடம் தவறா?

மெழுகுவர்த்தி:

வைத்த இடம்தான். ஹீரோகுவெஸ்ட் ஆட்டத்தை எடுத்துப் பாருங்கள். 1989இல் மில்டன் பிராட்லி நிறுவனமும் கேம்ஸ் வொர்க்‌ஷாப்பும் சேர்ந்து கொண்டுவந்தது. வடிவமைத்தவர் ஸ்டீபன் பேக்கர். பதினான்கு சாகசங்கள். ஒவ்வொன்றின் தொடக்கத்திலும் வாசிக்க ஒரு சிறு பத்தி, அவ்வளவுதான்.

மூன்றாவது சாகசத்தில் உலாக் என்ற ஓர்க் (கற்பனைக் கதைகளில் வரும் அரக்க இனம்) தலைவனைக் கொல்ல வேண்டும். கொன்று, பரிசுத் தங்கத்தை வாங்கி, கடையில் புது வாள் வாங்கிக்கொண்டு அவனை மறந்துவிடுவோம். ஆறாவது சாகசத்தைத் திறந்தால் நம் காய்கள் சிறைக்குள் நிற்கின்றன. உலாக்கின் மகன் கிராக் நம்மைப் பிடித்துவிட்டான். தந்தையைக் கொன்றதற்குப் பழி. ஆசைப்பட்டு வாங்கிய வாள், கவசம் எதுவும் கையில் இல்லை. எல்லாம் அதே கட்டடத்தில் வேறோர் அறையில் இருக்கின்றன. தேடிப் போய் எடுக்க வேண்டும்.

எங்கள் வீட்டில் நான்தான் எப்போதும் மற்றவர்களுக்கு எதிராக ஆடும் தீய மந்திரவாதி மோர்கார். (அமெரிக்கப் பதிப்பில் அவன் பெயர் ஸார்கான்.) அன்றைக்கு ஆயுத அட்டைகளை ஒவ்வொருவரிடமிருந்தும் நான் எடுத்தபோது, என் மகன் தன் அட்டையை மேசையில் அழுத்திப் பிடித்துக்கொண்டு விட மறுத்தான். "யார் இந்தக் கிராக்?" என்று கேட்டான். உலாக்கின் மகன் என்றேன். "நாம் கொன்றோமே, அவனா?" என்றான். ஓர்க் இனத்தின் வரலாற்றைப் பத்துப் பக்கம் வாசித்திருந்தாலும் அந்தக் கேள்வி வந்திருக்காது. கையிலிருந்த அட்டை போனதால் வந்தது.

உங்கள் படகுக்காரன் செய்ததும் இதைத்தான். அவன் பையில் கை வைத்தான்.

தவளை:

என் பெயரே சாட்சி. டாலிஸ்மன் என்ற பலகை ஆட்டம், 1983, ராபர்ட் ஹாரிஸ் உருவாக்கியது. பின்னணிக் கதை என்று அதில் தேடினால் ஒரு கைப்பிடிகூடத் தேறாது. நடுவில் ஆணை மகுடம், அதை அடைய நெருப்புப் பள்ளத்தாக்கைத் தாண்ட வேண்டும், தாண்டத் தாயத்து வேண்டும். ஆனால் சாபம் பட்டுத் தவளையானால் தங்கத்தையும் பொருள்களையும் நின்ற கட்டத்திலேயே போட்டுவிட வேண்டும். அதன்பின் முறைக்கு ஒரே ஒரு கட்டம் தத்தலாம். நான் தத்திக்கொண்டிருந்தபோது என் உயிர் நண்பன் வந்து என் தங்கத்தை அள்ளிக்கொண்டு போனான். அந்த உலகம் எப்படிப்பட்டது என்று எனக்கு வேறு விளக்கம் தேவைப்படவில்லை.

கிடங்கு:

மேலே உள்ள இருவரோடும் எனக்குப் பாதி உடன்பாடுதான். விதி மட்டும் போதும், பெயரெல்லாம் சும்மா என்று முடித்துவிடாதீர்கள்.

அதே ஹீரோகுவெஸ்டில் ஃபிமிர் என்றொரு பிராணி இருந்தது: ஒற்றைக் கண், தடி போன்ற வால். கேம்ஸ் வொர்க்‌ஷாப் தன் வார்ஹாமர் உலகத்துக்காகப் படைத்தது. 2021இல் ஹாஸ்ப்ரோ நிறுவனம் ஆட்டத்தை மறுபடி வெளியிட்டபோது அந்த உலகத்தின் பெயர்கள் எடுக்கப்பட்டன. ஃபிமிர் இடத்துக்கு வந்தது 'அபாமினேஷன்', அதாவது அருவருப்பான ஏதோ ஒன்று. மேசையில் அதன் வேலை மாறவில்லை. ஆனால் பழைய ஆட்டக்காரர்கள் இன்றும் ஃபிமிர் என்றுதான் சொல்கிறார்கள். ஃபிமிர் என்றால் அது எங்கிருந்தோ வந்திருக்கிறது என்று தோன்றும். அருவருப்பான ஒன்று எங்கிருந்தும் வரவில்லை.

க்ளூம்ஹேவன் ஆட்டத்தையும் பாருங்கள்: 2017, ஐசக் சில்ட்ரெஸ், தூக்கினால் முதுகு பிடித்துக்கொள்ளும் பெட்டி. பயணத்தில் ஒரு நிகழ்வு அட்டை எடுப்போம். முன்பக்கத்தில் ஒரு சிக்கல், இரண்டு வழிகள். ஒன்றைத் தேர்ந்த பிறகுதான் பின்பக்கத்தைத் திருப்பலாம். குழுவில் குறிப்பிட்ட ஒரு வகை வீரர் இருந்தால் சில அட்டைகளின் முடிவே வேறு. அந்த வகை யார், அவருக்கும் அந்த ஊருக்கும் என்ன பகை என்பதை எழுதியவர் அறிந்திருந்ததால்தான் அப்படி ஓர் அட்டை சாத்தியம். எனவே நாற்பது பக்கத்தைக் குப்பையில் போடாதீர்கள். வாசிக்காதீர்கள், அவ்வளவுதான்.

படகுக்காரன் விஷயத்தில் ஒன்று: அவன் ஏன் பணம் வாங்குவதில்லை என்பது உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். தெரியாமல் விட்டால் அடுத்த அட்டையில் மறந்துபோய் அவனைப் பணம் வாங்க வைத்துவிடுவீர்கள்.

மெழுகுவர்த்தி:

@கிடங்கு, கடைசி வரியை ஒப்புக்கொள்கிறேன். ஃபிமிர் விஷயத்தையும். என் மகன் புதுப் பதிப்பில்தான் பழகினான். அவனிடமும் நான் ஃபிமிர் என்றே சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

உப்பளம்:

அனைவருக்கும் நன்றி. @கிடங்கு, நீங்கள் சொன்னதைப் படித்த அன்றிரவு அட்டைக்கட்டைச் சரிபார்த்தேன். முப்பத்தோராம் அட்டையில் படகுக்காரன் இரண்டு காசு வாங்கிக்கொண்டிருந்தான். திருத்திவிட்டேன். அவன் காரணமும் இப்போது எனக்குத் தெரியும்; இங்கே எழுத மாட்டேன், அக்கா மகள் இதைப் படிக்கிறாள்.

நாற்பது பக்கத்தில் மூன்றாம் போர் தலைநகரத்து விருந்தில் தொடங்குகிறது. விருந்தாளி ஒருவன் கத்தியை உருவுகிறான். அதை வாசிப்பதற்குப் பதில் விதியாக்கினேன். தலைநகரத்துக்குள் நுழைபவர் ஆயுத அட்டைகளை வாசல் கட்டத்தில் வைத்துவிட வேண்டும். வெளியே வரும்போது பகடை உருட்ட வேண்டும். 1 விழுந்தால் காவலர்கள் ஓர் ஆயுதத்தைத் தொலைத்துவிட்டார்கள்.

நேற்று மறுபடி ஆடினோம். தம்பிக்கு 1 விழுந்தது. காவலர் தலைவன் யார், எந்த அரசனின் ஆள் என்று என்னைக் குடைந்தெடுத்துவிட்டான். அந்த அரசன் பெயரை இரண்டு ஆண்டுகளில் முதல்முறையாக என்னைத் தவிர வேறொருவர் கேட்டுத் தெரிந்துகொண்டார்.

தலைநகரத்தின் பெயர் மட்டும் இன்னும் யாருக்கும் ஒட்டவில்லை. பச்சைக் கட்டம் போய், இப்போது "கத்தி திருடும் ஊர்" என்கிறார்கள். நான் வைத்த பெயரை அழித்துவிட்டு அதையே பலகையில் எழுதிவிட்டேன்.