31 வயதில் விமானி ஆக முடியுமா? எதை முதலில் செய்வது, 65 வயது வரம்பு எப்படி?

கொங்குமைந்தன்:
வணக்கம். வயது 31. பி.இ. மெக்கானிக்கல். பிளஸ் டூவில் இயற்பியல், கணிதம் இரண்டும் உண்டு. கண்ணாடி போடுகிறேன், இரண்டு கண்ணிலும் மைனஸ் 2.25. சேமிப்பு ஒரு பகுதிக்குத்தான் வரும், மீதிக்கு வங்கிக் கடன்தான். கமர்ஷியல் பைலட் லைசென்ஸ் எடுத்து ஏர்லைனில் சேர வேண்டும் என்பது திட்டம்.

மூன்று கேள்விகள். எதை முதலில் செய்ய வேண்டும்? பயிற்சி இந்தியாவிலா, வெளிநாட்டிலா? 65 வயதில் நிறுத்திவிடுவார்கள் என்றால் கேப்டனாக எத்தனை ஆண்டு கிடைக்கும்? வரம்பு 67 ஆகிறது என்றும் சொல்கிறார்களே, உண்மையா?

ரன்வே_ஜீரோ7:
வயது தடையில்லை, தம்பி. லைசென்ஸுக்குக் குறைந்தபட்ச வயது 18, அவ்வளவுதான். ஆனால் எந்தப் பயிற்சி நிறுவனத்துக்கும் ஒரு ரூபாய்கூடக் கட்டுவதற்கு முன்னால் மெடிக்கல் முடித்துவிடுங்கள். சேர்க்கை அலுவலகத்தில் "மெடிக்கலை அப்புறம் பார்த்துக்கலாம்" என்று சொன்னால் அந்த இடத்தை விட்டு எழுந்து வந்துவிடுவது நல்லது.

முதலில் கிளாஸ் 2, அதாவது ஆரம்ப நிலை மருத்துவச் சான்று. நம் நாட்டு விமானத் துறையை ஒழுங்குபடுத்தும் டி.ஜி.சி.ஏ. அங்கீகரித்த மருத்துவர்களின் பட்டியல் அவர்களுடைய தளத்திலேயே இருக்கிறது, வேறு டாக்டர் கொடுக்கும் சான்று செல்லாது. அது முடிந்து கோப்பு எண் வந்ததும், கமர்ஷியல் லைசென்ஸுக்கு வேண்டிய கிளாஸ் 1. அதற்குப் பெங்களூரில் விமானப்படையின் ஏரோஸ்பேஸ் மெடிசின் நிறுவனம், டெல்லியில் விமானப்படை மையம், அங்கீகாரம் பெற்ற தனியார் மையங்கள் என்று வழி உண்டு. ஈ.சி.ஜி., மார்பு எக்ஸ்ரே, ரத்தம், சிறுநீர், ஆடியோமெட்ரி, கண், காது-மூக்கு-தொண்டை எல்லாம் பார்ப்பார்கள். உங்கள் மைனஸ் 2.25 பிரச்சினையே இல்லை, கண்ணாடியோடு பார்வை சரியாக வந்தால் போதும். திருத்தவே முடியாதது நிறக்குருடு. இஷிஹாரா புள்ளிப் படங்களை இந்த வாரமே ஒரு கண் மருத்துவரிடம் பார்த்துவிடுங்கள்.

30 தாண்டியவர்கள் மாட்டிக்கொள்வது பெரும்பாலும் ரத்த அழுத்தம், எடை, சர்க்கரை, கொழுப்பு இவற்றில்தான். அழுத்தம் 140/90ஐத் தாண்டினால் அன்றே "தற்காலிகத் தகுதியின்மை" போட்டு, சில மாதம் கழித்துத் திரும்ப வரச் சொல்வார்கள். அதற்குள் பயிற்சிக் கட்டணம் கட்டியிருந்தால் அந்தப் பணம் அங்கே சும்மா கிடக்கும். அதனால் போவதற்கு மூன்று மாதம் முன்பே சொந்தச் செலவில் ஒரு முழுப் பரிசோதனை செய்து, தெரிந்த குறையைச் சரிசெய்துவிட்டுப் போங்கள்.

அடுத்தது காகிதம். தேர்வு எழுத டி.ஜி.சி.ஏ. கம்ப்யூட்டர் நம்பர் வேண்டும். அதற்குப் பிளஸ் டூ சான்றின் உண்மைத்தன்மைச் சான்று கேட்பார்கள், மாநில வாரியம் என்றால் அரசுத் தேர்வுகள் இயக்ககத்தில் விண்ணப்பிக்க வேண்டும். நம் ஊர்க்காரர்களுக்கு இதில் ஒரு தனிச் சிக்கல் உண்டு. மார்க் ஷீட்டில் பெயரும் இனிஷியலும் மட்டும் இருக்கும், பாஸ்போர்ட்டில் இனிஷியல் விரிந்து அப்பா பெயராக நிற்கும், ஆதாரில் வேறு மாதிரி. மெடிக்கல், கம்ப்யூட்டர் நம்பர், பயிற்சிப் பதிவு, லைசென்ஸ் எல்லாவற்றிலும் ஒரே எழுத்துக்கூட்டு இருக்க வேண்டும். எதை வைத்துக்கொள்வது என்று இன்றே முடிவு செய்து மற்றதைத் திருத்துங்கள். கடைசியில் திருத்தப் போனால் லைசென்ஸ் கோப்பு ஆட்சேபணையோடு திரும்பி வரும்.

(பிளஸ் டூவில் வணிகவியல் படித்த யாராவது இதைப் படித்தால்: தேசிய திறந்தநிலைப் பள்ளியில் இயற்பியல், கணிதம் இரண்டையும் தனியாக எழுதித் தேறலாம்.)

மேகக்கணக்கு:
மேலே சொன்னதெல்லாம் சரி. பணத்தையும் காலத்தையும் அதிகம் விழுங்குவது அதற்குப் பிறகு வரும் கட்டம், நான் அதைச் சொல்கிறேன்.

லைசென்ஸுக்கு மொத்தம் 200 மணி நேரம் பறந்திருக்க வேண்டும். அதில் 100 மணி பி.ஐ.சி., அதாவது விமானத்துக்கு நீங்களே பொறுப்பாக. அந்த நூறுக்குள் 20 மணி கிராஸ் கன்ட்ரி (ஊர்விட்டு ஊர் பறப்பது), அதில் ஒரு பயணம் 300 நாட்டிகல் மைலுக்குக் குறையாமல், வழியில் இரண்டு வேறு நிலையங்களில் இறங்கி முழுதாக நின்று கிளம்பியதாக இருக்க வேண்டும். 10 மணி இன்ஸ்ட்ருமென்ட், அதாவது கருவிகளை மட்டும் பார்த்துப் பறப்பது. இரவில் 5 மணி, 10 டேக்ஆஃப், 10 லேண்டிங். எழுத்துத் தேர்வில் நேவிகேஷன், மெட்டியராலஜி, ஏர் ரெகுலேஷன், டெக்னிக்கல் ஜெனரல், டெக்னிக்கல் ஸ்பெசிஃபிக், ஒவ்வொன்றிலும் 70 சதவீதம். இதோடு ரேடியோவில் பேசுவதற்கான உரிமத் தேர்வு ஆர்.டி.ஆர்.

பலரும் கவனிக்காமல் விடும் வரி ஒன்று உண்டு. விண்ணப்பிக்கும் நாளுக்கு முந்தைய ஆறு மாதத்துக்குள் 15 மணி நேரம் பி.ஐ.சி.யாகப் பறந்திருக்க வேண்டும். இரவு லேண்டிங்குகளும் பகல், இரவு ஸ்கில் டெஸ்ட்டுகளும் (பறந்து காட்டும் தேர்வு) அதே ஆறு மாதத்துக்குள் வர வேண்டும். 200 மணி முடித்துவிட்டு நேவிகேஷன் தாளோ ஆர்.டி.ஆரோ பாக்கி என்று காத்திருந்தால் என்ன ஆகும்? ஆறு மாதம் ஓடிவிடும். திரும்பக் காசு கட்டி 15 மணி பறந்து, ஸ்கில் டெஸ்ட்டும் மறுபடி கொடுக்க வேண்டும். ஆகவே தாள்கள் அனைத்தையும், முடிந்தால் ஆர்.டி.ஆரையும், முதல் விமானத்தில் ஏறுவதற்கு முன்பே தேறிவிடுங்கள். மெட்டியராலஜியும் ரெகுலேஷனும் மனப்பாடத்தில் ஓரளவு ஓடும். நேவிகேஷனுக்குக் கணக்கு போட்டுப் பழகியே ஆக வேண்டும். ஆர்.டி.ஆரில் வாய்மொழித் தேர்வில்தான் நிறையப் பேர் விழுகிறார்கள், தினமும் சத்தமாகப் பேசிப் பழகாமல் அது வராது.

பயிற்சி நிறுவனத்தைத் தேர்ந்தெடுக்கும்போது விளம்பரத்தில் உள்ள விமான எண்ணிக்கையைப் பார்க்காதீர்கள், இன்று பறக்கும் நிலையில் எத்தனை என்று கேளுங்கள். ஒரு விமானம் நாளுக்கு 4 மணி, மாதம் 25 நாள் பறந்தால் 100 மணி. ஆறு விமானம் என்றால் மாதம் 600 மணி. மாணவர்கள் 90 பேர் இருந்தால் தலைக்கு மாதம் 6.7 மணிகூட முழுதாக வராது. 200 மணி முடிக்க 30 மாதம்! அதில் மழைக்காலம், பயிற்சியாளர் விலகல், உதிரிபாகத்துக்கான காத்திருப்பு எதையும் நான் சேர்க்கவில்லை. இரவுப் பறப்புக்கு அங்கேயே விளக்கு வசதி உண்டா, மல்டி என்ஜின் விமானம் சொந்தமா என்பதையும் கேளுங்கள். மொத்தக் கட்டணத்தை ஒரே தவணையில் கேட்கும் இடத்தில் சேராதீர்கள். பறந்த மணிக்கு ஏற்பக் கட்டுவதுதான் பாதுகாப்பு.

வெளிநாடு என்றால் வேகம் உண்டு, தென்னாப்பிரிக்காவுக்கும் அமெரிக்காவுக்கும் அதற்காகத்தான் போகிறார்கள். ஆனால் திரும்பி வந்து லைசென்ஸை மாற்ற வேண்டும். அந்த நாட்டு ஆணையம் உங்கள் லைசென்ஸை உறுதிசெய்து எழுத வேண்டும், இங்கே தேர்வும் ஸ்கில் டெஸ்ட்டும் உண்டு, மேலே சொன்ன ஆறு மாதக் கணக்கும் உண்டு. அமெரிக்காவில் இருவர் சேர்ந்து பறந்து, சேஃப்டி பைலட்டாக (ஓட்டுபவர் கருவிகளைப் பார்க்கும்போது வெளியே கவனிப்பவராக) உட்கார்ந்தவரும் பி.ஐ.சி. என்று லாக்புக்கில் எழுதிக்கொள்ளும் வழக்கம் இருக்கிறது. அந்த மணிகள் இங்கே நிற்காது என்று வைத்துக்கொண்டே திட்டமிடுங்கள்.

கொங்குமைந்தன்:
மிக்க நன்றி அண்ணா, இருவருக்கும். லைசென்ஸ் வந்ததும் ஏ320 டைப் ரேட்டிங்கையும் (அந்த விமான வகையை ஓட்டுவதற்கான தனித் தகுதி) சொந்தக் காசில் முடித்துவிட்டால் வேலை சீக்கிரம் கிடைக்குமா?

வலதுஇருக்கை:
வேலை உத்தரவு கையில் இல்லாமல் டைப் ரேட்டிங் எடுப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன். ஏ320 எடுத்துவிட்டு நிற்பீர்கள், அந்த ஆண்டு ஆள் எடுக்கும் நிறுவனம் போயிங் 737 ஓட்டும். சிமுலேட்டரில் கற்ற கை சில மாதத்தில் மங்கிவிடும், ரேட்டிங்கை உயிரோடு வைத்திருக்கத் திரும்பச் செலவு.

மேகக்கணக்கு:
இதில் எனக்குக் கொஞ்சம் மாற்றுக் கருத்து. டைப் ரேட்டிங் உள்ளவர்களை மட்டும் அழைக்கும் அறிவிப்புகளும் வருகின்றன. அறிவிப்பு வந்துவிட்டு, இடமும் விமான வகையும் தெளிவாக இருந்தால் எடுக்கலாம். வெறும் நம்பிக்கையில் வேண்டாம் என்பதில் உங்களோடு உடன்படுகிறேன்.

வலதுஇருக்கை:
அப்படியென்றால் சரி.

தம்பி, பணக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். 60 லட்சம் கடன், 11 சதவீத வட்டி, 10 ஆண்டு என்றால் மாதத் தவணை சுமார் 82,650 ரூபாய். முழுத் தொகையும் வாங்கிவிட்டு இரண்டு ஆண்டு தவணை கட்டாமல் இருந்தால் வட்டி மட்டும் 13 லட்சத்துக்கு மேல் ஏறும். லைசென்ஸ் வந்த மறுநாள் வேலை வராது, ஓராண்டு காத்திருந்தாலும் தவணை கட்ட வழி இருக்கிறதா என்று பார்த்துவிட்டு இறங்குங்கள். வேலையில் சேரும்போது பாண்டு கையெழுத்து வாங்குவார்கள், தொகையையும் ஆண்டையும் படியுங்கள். நோட்டீஸ் காலம் தனி. 2017 முதல் கேப்டனுக்கு 12 மாதம், ஃபர்ஸ்ட் ஆபீசருக்கு, அதாவது துணை விமானிக்கு, 6 மாதம்.

இனி வயது. 65 என்பது சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பு வைத்த வரம்பு. இரண்டு விமானிகள் ஓட்டும் வணிக விமானத்துக்குத்தான் அது. ஒற்றை விமானி என்றால் 60. முன்பு எல்லாவற்றுக்கும் 60ஆக இருந்தது. 2006 நவம்பரில் 65 ஆக்கினார்கள், ஆனால் பக்கத்து இருக்கையில் 60க்குக் கீழ் ஒருவர் இருக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு. 2014 நவம்பரில் சர்வதேச விதியிலிருந்து அந்த நிபந்தனை போய்விட்டது. 67 ஆக்கலாம் என்று ஏர்லைன்களின் சங்கமான ஐயாட்டா 2025ல் அந்த அமைப்பின் மான்ட்ரியல் மாநாட்டில் கேட்டது, மாநாடு ஏற்கவில்லை. ஜப்பான் போன்ற நாடுகள் உள்நாட்டில் 65க்கு மேலும் விடுகின்றன. நீங்கள் 65 என்றே கணக்கு வையுங்கள்.

சட்டம் 65 என்றாலும் நிறுவனத்தின் ஓய்வு வயது வேறாக இருக்கலாம். ஏர் இந்தியாவில் 58ஆக இருந்ததை 2025ல்தான் 65 ஆக்கினார்கள். ஒப்பந்தம் பார்க்கும்போது இதையும் கேளுங்கள். 60 தாண்டினால் கிளாஸ் 1 மெடிக்கல் ஆறு மாதத்துக்கு ஒரு முறை.

உங்கள் கணக்கு: மெடிக்கலும் தேர்வுகளும் ஏறத்தாழ 8 மாதம், பறப்பு ஒன்றரை ஆண்டு, லைசென்ஸ் வரும்போது 33 தாண்டும். காத்திருப்பு, டைப் ரேட்டிங், பயணிகளோடு மேற்பார்வைப் பறப்பு எல்லாம் முடிந்து துணை விமானியாக வலது இருக்கையில் நிலைப்பது 35 வாக்கில். கேப்டனாக ஏ.டி.பி.எல். என்ற மேல்நிலை லைசென்ஸ் வேண்டும், அதற்குச் சட்டப்படி 1500 மணி, தனித் தேர்வுகள். ஆண்டுக்கு 1000 மணிக்கு மேல் பறக்க விடமாட்டார்கள், நிறுவனங்கள் 1500க்கு மேலேயும் கேட்கும், காலியிடமும் வர வேண்டும். 41 வயதில் கேப்டன் என்று வைத்தால் 24 ஆண்டு. 65க்குப் பிறகும் சிமுலேட்டரில் பயிற்சியாளராக இருக்க வழி உண்டு.

ரன்வே_ஜீரோ7:
தம்பி, இஷிஹாரா பார்த்துவிட்டு இங்கே எழுதுங்கள். அதுவும் ரத்தப் பரிசோதனையும் சரியாக இருந்தால் கிளாஸ் 2 தேதி வாங்கிவிடலாம். உண்மைத்தன்மைச் சான்றுக்கும் அதே நாளில் விண்ணப்பித்துவிடுங்கள், அது வர நாளாகும்.