முதல் ஹார்ட் டிஸ்க் பாட்டுப் பிளேயர் ஆப்பிளின்ரை ஐபொட்டாம்!

நல்லூரான்: "பொக்கற்றுக்குள்ளை ஹார்ட் டிஸ்க் கொண்டுவந்த முதல் பிளேயர் ஐபொட்" எண்டு கரன் எழுதியிருக்கிறார். பிழை. கொம்பாக் கொம்பியூட்டர் கொம்பனியின்ரை ஆய்வுகூடம் வடிவமைச்ச பிஜேபி-100 பிளேயர், 4.8 ஜிபியோடை 1999இலை வந்திட்டுது. 2000இலை கிரியேட்டிவ் நோமாட் ஜூக்பொக்ஸ், 6 ஜிபி. ஐபொட் 2001 ஒக்டோபர். ஆண்டைப் பாருங்கோ.

கரன்: அண்ணை, "பொக்கற்" எண்ட சொல்லை ஏன் விழுங்கிறியள்? அது ரெண்டும் 2.5 அங்குல லப்டொப் டிஸ்க். நோமாட் சிடி வோக்மன் பருமன். ஐபொட்டிலை தொஷிபாவின்ரை 1.8 அங்குலம்.

நல்லூரான்: பொக்கற் அளவு தையல்காரனிட்டைக் கேக்கிற விசயம். 1999.

வடலி: டிஸ்க் அளவை விடுங்கோ. ஐபொட்டிலை 32 எம்பி மெமரி இருக்கு. டிஸ்க் சுத்தி அதை நிரப்பிப்போட்டு நிண்டிடும், இருவது நிமிசம் மெமரியிலையிருந்து பாடும். பற்றரி தாங்கினது அதாலை. சுருக்காத வேவ் ஃபைல் போட்டால் நிமிசத்துக்கு 10 எம்பி, மூண்டு நிமிசத்திலை திரும்பச் சுத்தும், பற்றரி இறங்கும்.

நல்லூரான்: சிடி வோக்மனிலை அதிர்ச்சி தாங்க வைச்ச மெமரியும் உதே வேலைதான். புதுசில்லை.

கரன்: ஃபயர்வயர்? ஐபொட்டைக் கொம்பியூட்டரோடை இணைக்கிற அந்த வேகமான வயரிலை 5 ஜிபி பத்து நிமிசத்திலை ஏறும். நோமாட்டின்ரை பழைய யூஎஸ்பியிலை ஒண்டரை மணித்தியாலத்துக்கு மேலை.

நல்லூரான்: முதல் ஐபொட் ஆப்பிளின்ரை மக் கொம்பியூட்டருக்கு மட்டும். விண்டோஸுக்கு 2002இலைதான் வந்தது, யாழ்ப்பாணத்துக்கு வாற ஏ9 பாதை திரும்பத் திறந்த வருசம். அதுக்கு முதல் யாழ்ப்பாணத்திலை ஆரிட்டை மக் கிடந்தது? ஹார்ட் டிஸ்க் இல்லாத ரியோ பிளேயரிலை ஒரு மணித்தியாலப் பாட்டு எண்டு போனமுறை அளந்ததும் நீர்தானே.

கரன்: ரியோவிலை 32 எம்பி மெமரி, பாட்டு 64 கேபிபிஎஸ், அதாவது செக்கனுக்கு 64 கிலோபிற். கணக்குச் சரி. 128 எண்டால்தான் அரை மணித்தியாலம். மறந்தமாதிரி நடிக்காதேங்கோ.

நல்லூரான்: 64இலை சிஞ்சா சத்தம் தகரம்மாதிரிக் கேக்கும். அதை ஆர் பாட்டெண்டு சொல்லுவினம்?

வடலி: ஐபொட் மினியின்ரை மைக்ரோட்ரைவ் எண்ட குட்டி ஹார்ட் டிஸ்க் செத்தால், அது செருகியிருந்த அதே ஊசிப் பின்னுகளிலை கமராவுக்குப் போடுற சிஎஃப் மெமரி காட் போடலாம்.

நல்லூரான்: அரைகுறையாச் சொல்லிச் சனத்தின்ரை சாமானைப் பழுதாக்காதையும். மேல், கீழ் பிளாஸ்ரிக் மூடியளை ஹெயார் ட்ரையராலை சூடாக்கிக் கிளப்பவேணும். கீழை கிளிக் வீல் எண்ட முன்பக்கத்து வட்டப் பொத்தானின்ரை ரிப்பன் வயரை முதல் கழட்டாமல் சேர்க்கிட் போட்டை மேலை தள்ளினால் ரிப்பன் கிழிஞ்சுபோம். பிறகு வீல் வேலை செய்யாது.

வடலி: ரிப்பனைப் பற்றி நான் ஒண்டும் சொல்லேல்லையே.

நல்லூரான்: சொல்லாததுதான் பிழை.

கரன்: மினியும் பொக்கற்றுக்குள்ளை போறதுதான், அண்ணை.