சுகாதார மையத்தில் பல் பிரிவு வளர்ந்த விதம்: உங்கள் அனுபவத்தையும் எழுதுங்கள்

பல் பிரிவு ஊழியர்:
எங்கள் சமூக சுகாதார மையத்தில் பல் பிரிவு தொடங்கியபோது இருந்தது ஒரே ஒரு நாற்காலி. கன்னம் வீங்கி, ராத்திரி முழுக்கத் தூங்காமல் வருகிறவர்கள்தான் அதிகம். பல்லைப் பிடுங்கி அனுப்புவோம். இன்னொரு நாற்காலி வந்தது, பிடுங்கிய பற்கள்தான் கூடின!

நிலைமை மாறியது தடுப்பூசி அறைக்குப் பக்கத்தில் ஒரு மேசை போட்ட பிறகுதான். ஊசிக்கு வரும் குழந்தையின் மேலுதட்டைத் தூக்கிப் பார்ப்போம். முன்பற்களில் ஈறோரமாகச் சுண்ணாம்பு பூசியதுபோல் வெள்ளைக் கோடு தெரிந்தால் சொத்தை ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம். பெற்றோர் யாருக்கும் அது கண்ணில் படுவதில்லை. அப்போதே ஃபுளோரைடு வார்னிஷ் பூச ஆரம்பித்தால் பல் மறுபடி இறுகிக்கொள்ள வாய்ப்புண்டு. பூச ஓரிரு நிமிடம் போதும். வலிக்கும் முன்பே ஆட்கள் வரத் தொடங்கியதைத்தான் நான் வளர்ச்சி என்பேன்.

நான்கு வயதுப் பையனின் அம்மா:
என் மகனுக்கு அந்தக் கட்டம் தாண்டிவிட்டது, பல்லில் குழியே விழுந்திருந்தது. டிரில் சத்தம் கேட்டாலே அலறுவான். டாக்டர் சில்வர் டையமின் ஃபுளோரைடு வைக்கலாம் என்றார். சொத்தை பரவாமல் நின்றுவிடும், ஆனால் அந்த இடம் கறுத்துப்போகும் என்று படத்தைக் காட்டிச் சொல்லிவிட்டுத்தான் கையெழுத்து வாங்கினார்கள். உதட்டிலும் ஈறிலும் வாசலின் தடவி, பல்லைத் துடைத்து, சின்ன பிரஷ்ஷால் ஒரு துளி தொட்டு வைத்தார்கள். அவ்வளவுதான், அவன் அழவே இல்லை. இந்த மருந்தை உலக சுகாதார நிறுவனம் 2021-ல் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்தது என்றும் அங்கேதான் தெரிந்துகொண்டேன். கறுப்பைப் பார்த்துச் சொந்தக்காரர்கள் கேட்கத்தான் செய்கிறார்கள். கேட்கட்டும், பையன் இப்போது நன்றாக மென்று சாப்பிடுகிறான்.

சர்க்கரை நோயாளி:
என்னைப் பல் பிரிவுக்கு அனுப்பியதே சர்க்கரைக்குப் பார்க்கும் டாக்டர்தான். பல் துலக்கும்போது ரத்தம் வருகிறதா என்று கேட்டார். வருடக்கணக்காக வந்துகொண்டிருந்தது. சர்க்கரை கூடினால் ஈறு கெடும், ஈறு கெட்டால் சர்க்கரையும் கட்டுக்குள் நிற்காது என்று விளக்கினார். ஈறுக்கு அடியில் படிந்த காறையைச் சுரண்டி எடுத்தார்கள், ரத்தம் நின்றது. இரண்டு பிரிவும் ஒரே கட்டடத்தில் இல்லாவிட்டால் நான் போயிருக்கவே மாட்டேன். ஒரே குறை, அடுத்த தேதிக்கு ரொம்பக் காத்திருக்க வேண்டியிருக்கிறது.

பல் பிரிவு ஊழியர்:
காத்திருப்பு எங்களுக்கும் பெரிய கவலை. அவசர வலிக்கென்று தினமும் கொஞ்சம் நேரத்தை ஒதுக்கி வைக்கிறோம், அதுவும் போதவில்லை. அடுத்தது, ஆறு வயதில் முளைக்கும் கடைவாய்ப் பல்லுக்குப் பள்ளிக்கே போய் சீலன்ட், அதாவது சொத்தை விழாமல் பல்லின் பள்ளங்களை மூடும் பூச்சு, போட நினைக்கிறோம். சீலன்ட் ஒட்டும் வரை பல்லில் எச்சில் படக்கூடாது, வகுப்பறையில் அதை எப்படிச் சமாளிப்பது? செய்து பார்த்தவர்கள் யாராவது இருந்தால் விவரமாக எழுதுங்கள்.