சித்தப்பாவின் சர்க்கரை ரிப்போர்ட்

செல்வம் சித்தப்பா (சத்துவாச்சாரி), காலை 7:40
[படம்]
வெறும் வயிற்றில் 131. ரேவதி, பார்த்துச் சொல்லம்மா.

ரேவதி (காட்பாடி), 7:52
சித்தப்பா, முதலில் அந்தப் படத்தை எடுத்துவிடுங்கள். பெயர், வயது, செல்போன் எண் எல்லாம் தெரிகிறது. மருந்தை மாற்ற வேண்டுமா என்று டாக்டர்தான் சொல்ல வேண்டும். நான் டாக்டர்கள் எழுதும் பதிவேடுகளைப் பற்றிப் பாடம் எடுப்பவள், அவ்வளவுதான்.

மல்லிகா அத்தை (குடியாத்தம்), 7:58
குடும்பத்துக்குள் என்ன ரகசியம்? அண்ணனுக்குச் சர்க்கரை என்பது காட்பாடி ரயில் நிலையம் வரை தெரிந்த விஷயம்.

செல்வம் சித்தப்பா, 8:03
எடுத்துவிட்டேன். ஆனால் ஒரு சந்தேகம். மாடி அறையில் உட்கார்ந்து ஆன்லைனில் மருத்துவத் தகவலியல் நடத்தினால் மாணவர்களுக்கு மருத்துவமனை வேலை எப்படிப் புரியும்? நாங்களும் அஞ்சல் வழியில் பி.ஏ. படித்தவர்கள்தான். பார்சலைப் பிரிக்காமலேயே தேர்வு எழுதினோம்!

ரேவதி, 8:15
அங்கேதான் வித்தியாசம், சித்தப்பா. என் மாணவர்கள் ஏற்கெனவே மருத்துவமனைக்குள் இருப்பவர்கள். ஒருத்தி ஆம்பூரில் செவிலியர், ஒருவர் கத்தாரில் ஆய்வகத்தில் இருக்கிறார். உங்கள் ரிப்போர்ட் மாதிரி ஒன்றைப் பெயர் இல்லாமல் பதிவுசெய்யச் சொன்னேன். ஆம்பூர்க்காரி 126 என்று போட்டாள். கத்தார்க்காரர் 7 என்று போட்டார். இரண்டும் ஒரே அளவு! இங்கே டெசிலிட்டருக்கு இத்தனை மில்லிகிராம் என்ற அலகு, அங்கே லிட்டருக்கு இத்தனை மில்லிமோல் என்ற அலகு. 126-ஐ 18-ஆல் வகுத்தால் 7 வந்துவிடும். அலகைக் கேட்காத மென்பொருள் அந்த 7-ஐ மில்லிகிராம் என்று எடுத்துக்கொண்டால் சர்க்கரை அடியோடு குறைந்து நோயாளி மயங்கிக் கிடக்கிறார் என்று அர்த்தம். ஆய்வகச் சோதனைகளுக்கான லாயின்க் குறியீட்டில் இந்த இரண்டுக்கும் தனித்தனி எண் ஏன் என்று எவ்வளவோ விளக்கியிருக்கிறேன். அன்றுதான் அவர்களுக்குப் புரிந்தது. எல்லோரும் ஒரே கல்லூரியில், ஒரே வகுப்பறையில் இருந்திருந்தால் இந்தச் சண்டையே வந்திருக்காது.

கார்த்திக் (ராணிப்பேட்டை), 8:19
அக்கா, ஜவ்வாது மலையில் வேலை பார்க்கும் அந்த மாணவிக்குச் சிக்னல் கிடைக்கிறதா?

ரேவதி, 8:24
நேரலை வகுப்பு அவளுக்கு எட்டாது. ஒலிப்பதிவும் குறிப்பும் மட்டும் அனுப்புகிறேன். கீழே இறங்கும்போது பதிவிறக்கிக்கொள்வாள். கேள்வியை எழுதித்தான் கேட்பாள். நேரில் கேட்பவர்களைவிட அவள் கேள்விதான் கூர்மை. போன வாரம் கற்பனையாக மூன்று பதிவுகள் கொடுத்தேன்: "கு. லட்சுமி, 45, அணைக்கட்டு", "லட்சுமி குமார், 44, அணைக்கட்டு", "லட்சுமி, க/பெ குமார், சுமார் 45". மூவரும் ஒருவர்தானா?

கார்த்திக், 8:25
ஒருவர்தான். இதில் என்ன சந்தேகம்?

ரேவதி, 8:31
வகுப்பில் பாதிப் பேர் அப்படித்தான் சேர்த்துவிட்டார்கள். மலையிலிருந்து எழுதி வந்தது: "எங்கள் ஊரில் தெருவுக்கு இரண்டு லட்சுமி. தலைப்பெழுத்து அப்பாவுடையதா, கணவருடையதா? ஒரு லட்சுமிக்குப் பெனிசிலின் ஒத்துக்கொள்ளாது என்பது இன்னொருத்தியின் பதிவுக்குப் போய்விட்டால்?" நான் கேட்க நினைத்ததை அவளே கேட்டுவிட்டாள்.

செல்வம் சித்தப்பா, 8:36
அதற்குத்தானே அரசாங்கம் எண் கொடுக்கிறது?

ரேவதி, 8:40
ஆமாம், 2021-இல் தொடங்கிய ஆயுஷ்மான் பாரத் டிஜிட்டல் திட்டத்தில் ஆபா என்ற 14 இலக்கச் சுகாதாரக் கணக்கு எண். ஆனால் நோயாளி எண்ணை வீட்டில் வைத்துவிட்டு வந்தால் பதிவறையில் மறுபடியும் பெயரையும் வயதையும்தான் நம்ப வேண்டும். முதல் பெயர், குடும்பப் பெயர் என்று இரண்டு கட்டம் கேட்கும் மென்பொருளில் நம் தலைப்பெழுத்தை எங்கே போடுவது என்று ஆளுக்கொரு வழி.

மல்லிகா அத்தை, 8:47
ரேஷன் அட்டையில் நான் மல்லிகா. ஆதாரில் மல்லிகேஸ்வரி. மருத்துவமனை அட்டையில் உங்கள் மாமா பெயரையும் சேர்த்து ஒட்டிவிட்டார்கள். பிறந்த தேதி மூன்றிலும் மூன்று.

ரேவதி, 8:48
அத்தை! இதை அடுத்த பாடத்துக்கு எடுத்துக்கொள்ளலாமா? பெயர், ஊர், தேதி எல்லாவற்றையும் மாற்றிவிடுகிறேன்.

மல்லிகா அத்தை, 8:50
தாராளமாக. வயதைக் குறைத்துப் போடு.