சாதுவா, முரடா? பகுதி வரிசைக் கணங்களில் ஓர் ஐயம்

நண்பர்களே, வணக்கம். முடிவுறு பகுதி வரிசைக் கணங்களின் (எல்லா உறுப்புகளையும் ஒன்றோடொன்று ஒப்பிட முடிய வேண்டியதில்லை என்ற வரிசை கொண்டவை) பிரதிநிதித்துவத்தைத் தனியாகப் படித்துவருகிறேன்; அதாவது, ஒவ்வோர் உறுப்புக்கும் ஒரு திசையன் வெளிக்குள் ஓர் உள்வெளியை, வரிசைக்கு ஏற்ப ஒன்றுக்குள் ஒன்றாக அமையும்படி, ஒதுக்குவது. மூன்று நாளாக ஓரிடத்தில் சிக்கி நிற்கிறேன். டேம், வைல்ட் என்பவற்றைச் சாது, முரடு என்று எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்: பிரதிநிதித்துவங்களை வகைப்படுத்தி முடிக்க முடிந்தால் கணம் சாது, இரண்டு சதுர அணிகளை ஒருசேர வகைப்படுத்தும் கணக்கு அதற்குள் ஒளிந்திருந்தால் முரடு.

ஒன்றோடொன்று ஒப்பிட இயலாத ஐந்து உறுப்புகள் கொண்ட கணம் முரடு என்பது புரிகிறது. வ என்ற திசையன் வெளியை எடுத்து, வ⊕வ-வுக்குள் (வ-வின் இரு பிரதிகளின் நேர்க்கூட்டல்) அதன் இரண்டு கூறுகள், மூலைவிட்டம், க, ச என்ற இரு அணிகளின் வரைபடங்கள் என ஐந்து உள்வெளிகளை வைத்தால் போதும். இரண்டு சதுர அணிகளை ஒருசேர வகைப்படுத்தும் அந்தத் தீராத கணக்கு உள்ளே வந்து உட்கார்ந்துவிடுகிறது. அழகான வேலை!

கணிதவியலாளர் நசரோவா 1975-இல் தந்த ஆறு மிகச்சிறிய முரட்டுக் கணங்களின் பட்டியலில் (இவற்றில் ஒன்றையாவது உள்ளடக்கும் கணங்கள் மட்டுமே முரடு) இன்னொன்று (1,1,1,2): மூன்று தனி உறுப்புகள், கூடவே இரண்டு உறுப்புகளின் சங்கிலி. தடுமாற்றம் இங்கேதான். (4; 2,2,2,2,1) என்ற இடத்தில் (முழுவெளியின் பரிமாணம், பிறகு ஒவ்வோர் உறுப்பும் புதிதாகச் சேர்க்கும் பரிமாணம்) டிட்ஸ் இருபடி வடிவம், அதாவது இந்தப் பரிமாணங்களிலிருந்து கணிக்கும், குறையெண்ணானால் முரடு என்று காட்டும் எண், 16+17+2−36 = −1 தருகிறது. எண் சொல்வதை ஏற்கிறேன், ஆனால் கையால் கட்டிப் பார்க்க முடியவில்லை. ச-வின் வரைபடத்துக்கு இப்போது இடமில்லை. க-வின் வரைபடத்தை உள்ளடக்கும் பெரிய உள்வெளி மட்டுமே மிச்சம்; அதைத் தேர்வது வ-வில் ஏதோ ஓர் உள்வெளியைத் தேர்வதற்குச் சமம் என்பதுவரை வந்துவிட்டேன்.

ஓர் அணி, ஓர் உள்வெளி. இந்த ஜோடிக்குள் இரண்டு அணிகளை எப்படி ஒளித்துவைப்பது? கட்ட அணிகளாக எழுதிக் காட்ட முடியுமா?

சங்கிலியின் மேல் உறுப்பான அந்த ஐந்தாம் உறுப்பு, ஒன்றுக்குப் பதிலாக இரண்டு தனி உறுப்புகளுக்கு மேலே அமர்ந்தால் கணம் சாதுவாகிவிடுகிறது. பட்டியலைப் பார்க்காமல் இதற்கு நேரடிக் காரணம் தெரிந்தவர்களும் எழுதுங்கள்.